முடிச்சுக்குக் கீழே

காலை ஒன்பது மணியிலிருந்து இதுவரை பதினாலு பேர். நீங்கள் பதினைந்தாவது. எல்லோரும் கேட்பது ஒரே பெயர்: இன்னாசி. இன்னாசி தோட்டம் எது, ரோஜா வைத்த திராட்சைத் தோட்டம் எது, போட்டோ எடுக்கிற தோட்டம் எது.

இது இல்லை. அடுத்தது. அந்த இரண்டு கல்தூண் தெரிகிறதா? அதற்கு அந்தப் பக்கம். இப்போது போகாதீர்கள், ஒரு வேன் நிறைய மதுரைக்காரர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். பந்தலுக்கடியில் நின்று, உட்கார்ந்து, குலையை வாயில் வைத்து எல்லாம் படம் பிடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். இப்படி உட்காருங்கள். நிழல் இரண்டு தோட்டத்திலும் ஒன்றுதான். என் நிழலுக்கு போர்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னாசி எனக்குச் சகலை. நான் அக்காவைக் கட்டியவன், அவர் தங்கையைக் கட்டியவர். முறைக்கு நான் மூத்தவன். என் பெயர் சேசுராஜ். இதுவரை வந்த பதினாலு பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாமனாருக்கு ஆண் பிள்ளை கிடையாது. அறுபது சென்ட் பன்னீர் திராட்சைப் பந்தல். நடுவில் கயிறு பிடித்து முப்பது முப்பதாக இரண்டு பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். கிணறு பொது என்று பேச்சு. ஆனால் கிணறு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. கயிறு பிடித்தது யார் என்று கேட்காதீர்கள். ஒரு முனையைப் பிடித்தது நான்தான்.

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே மாமனார் ஒரே நாளில் நட்ட கொடி. ஆனால் அவர் பக்கம் குலை ஒரு கை பெரிதாக இருக்கும். வியாபாரி வந்தால் அவர் பந்தலில் நின்றுதான் முதல் பழத்தைக் கிள்ளி வாயில் போடுவான். நான் பொறாமைக்காரன் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு ஒரே மகள், ஜெனிபா. தோட்டக்கலை படித்தாள். அதற்குமேல் திராட்சையைப் பற்றி மட்டும் படிக்க பிரான்சுக்குப் போனாள். திராட்சையைப் பற்றிப் படிக்க எதற்கு அவ்வளவு தூரம், நான் இங்கேதானே இருக்கிறேன் என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள். அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. 2019 பிப்ரவரியில் அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் அனுப்பினாள். பெரியப்பா பெரியம்மாவுக்கும் சேர்த்து அனுப்பினாள், நான்கு டிக்கெட். அதற்கு என்ன அர்த்தம்? அவர்கள் வாழ்கிற வாழ்வை நாங்களும் வந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நான் போகவில்லை என்றுதான் சொன்னேன். என் வீட்டுக்காரி சந்தனமேரி, "நீங்க இருங்க, ஆட்டைப் பாத்துக்கங்க, நான் போறேன்" என்றாள். அதனால் போனேன்.

அந்த ஊரின் பெயர் வாயில் நுழையாது. ஒரு புனிதர் பெயர். போர்தோ என்ற பட்டணத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி. குன்றின் மேல் மஞ்சள் கல்லால் கட்டிய பழைய ஊர். தெருவெல்லாம் கூழாங்கல், சரிவு. செருப்புப் போட்டு நடந்தால் கீழே இருப்பவன் மடியில் போய் உட்காரலாம். மலையைக் குடைந்து உள்ளே ஒரு கோயில். எத்தனையோ நூறு வருஷப் பழையது என்றார்கள். சந்தனமேரியும் அவள் தங்கச்சி ரெஜினாவும் கல்தரையில் முட்டிபோட்டு, செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டிச் சொல்லி முடித்துத்தான் எழுந்தார்கள். வெளியே வந்தால் கோயிலுக்கு எதிரே ஒயின் கடை, பக்கத்தில் ஒயின் கடை, அதற்கடுத்ததும் ஒயின் கடை. ஊருக்கு அடியில் குகை குகையாக வெட்டி அதிலும் பீப்பாய். நம் ஊரில் கோயிலுக்கு எதிரே இத்தனை கடை இருந்தால் கலெக்டரிடம் மனு கொடுத்திருப்பார்கள். அங்கே பஸ்ஸில் வந்து டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஒரு குகைக்குள் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு கிளாசில் இரண்டு மடக்கு ஊற்றினார்கள். வாயில் வைத்துச் சுழற்றி வாளியில் துப்ப வேண்டுமாம். பூசையில் சாமியார் கையிலிருந்து சொட்டு சிந்தினாலே பாவம் என்று வளர்ந்தவன் நான். விழுங்கிவிட்டேன். சந்தனமேரி நாக்கில் தொட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னாசி என்ன செய்தார் தெரியுமா? சொன்னபடி சுழற்றினார், சொன்னபடி துப்பினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "கோடையில முத மழை விழுந்தா நம்ம வாய்க்கால் ஓரத்துல ஒரு வாசம் வருமே, அது இருக்கு" என்றார். ஜெனிபா அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். குகையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அந்த வாசனை வந்தது. முதலில் வந்ததே எனக்குத்தான். நான் விழுங்கிவிட்டதால் சொல்ல முந்தவில்லை.

மறுநாள் தோட்டம் பார்க்கப் போனோம். சொந்தக்காரர் பெர்னார் என்று ஒரு கிழவர், எழுபத்தெட்டு வயது, மனைவி இல்லை, நான்கு ஏக்கர். ஜெனிபா விடுமுறை நாளில் அவருக்குத் தோட்ட வேலையில் ஒத்தாசை செய்வாளாம். அந்தத் தோட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பந்தல் இல்லை. இலை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வரிசையாக முழங்கால் உயரத்துக்குக் கறுத்த கட்டை. பட்டுப்போன முருங்கை மாதிரி. குளிர்காலத்தில் அப்படித்தான் இருக்குமாம். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தோம் என்று நான் வாய்விட்டே கேட்டேன். ஒவ்வொரு வரிசை முனையிலும் ஒரு ரோஜாச் செடி. அது எதற்கு என்று இன்னாசி கேட்டார். சாம்பல் நோய் வந்தால் ரோஜா இலையில் முதலில் தெரியும், கொடிக்கு வருவதற்குள் மருந்து அடித்துவிடலாம் என்று கிழவர் சொன்னார். இன்னாசி அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஊருக்கு நோட்டு கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள்.

கிழவர் பழைய குச்சிகளை வெட்டிக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தார். நமக்குத் தெரிந்த வேலைதானே? நான் ஜெனிபாவிடம் சொன்னேன், "நாங்க ரெண்டு வருசத்துல அஞ்சு வெள்ளாமை எடுக்கிறோம்னு சொல்லும்மா. இவங்களுக்கு வருசத்துக்கு ஒண்ணுதானே?"

சொன்னாள். கிழவர் கத்திரியை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"அப்ப உங்க கொடி எப்பத் தூங்கும்னு கேக்குறார், பெரியப்பா."

"தூங்குறதுக்கா அதுக்குத் தண்ணி பாய்ச்சுறோம்? அத அப்படியே சொல்லு."

அவள் சொல்லவில்லை. இன்னாசி மட்டும் "நல்ல கேள்வி" என்று முணுமுணுத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் கட்டையையே பார்த்தார். ஊர் விட்டு ஊர் வந்த நம்மை ஒருவன் குறை சொல்கிறான், கூட வந்தவர் நல்ல கேள்வி என்கிறார். என்ன மனிதர் பாருங்கள்.

அப்புறம் கிழவர் ஒரு பழைய கொடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கை முட்டி மாதிரி ஒரு முடிச்சு. முடிச்சுக்கு மேலே கை வைத்து ஒரு பேச்சு, கீழே கை வைத்து ஒரு பேச்சு. கால் மணி நேரம் இருக்கும். ஜெனிபா ஒவ்வொன்றாகச் சொல்ல, இன்னாசி தலையாட்ட, கடைசியில் எழுந்திருக்கும்போது கிழவர் இன்னாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான் நகர்ந்துவிட்டேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்ன தலையெழுத்து? என் தோளும் அங்கேதான் இருந்தது.

சுவர் ஓரத்துக்குப் போனேன். கிழவரின் தாத்தா நட்ட கொடிகள் அங்கேதான் இருக்கின்றன என்று ஜெனிபா வரும்போதே சொல்லியிருந்தாள். தோட்டத்தில் ஆகப் பழைய வரிசை. கிழவருக்கு முதுகுவலி, அந்த மூலைக்குக் கவாத்து இன்னும் வரவில்லை. அங்கே ஒரு கட்டையின் அடியில், முடிச்சுக்கும் கீழே, மண்ணை ஒட்டி ஒரு குச்சி கிளம்பி ஆள் உயரத்துக்கு நீண்டு கிடந்தது. விரல் பருமன். நல்ல கணு. மற்றதெல்லாம் சோப்ளாங்கி, இது ஒன்றுதான் ஆண்பிள்ளை மாதிரி. எனக்கு ஒரு பார்வை போதும். நாற்பது வருஷம் குச்சி நட்டவன்.

எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், பன்னீர் திராட்சையே ஒரு வெள்ளைக்காரச் சாமியார் பிரான்சிலிருந்து கொண்டுவந்ததுதான் என்று. அந்தச் சாமியார் என்ன பர்மிட் வாங்கியா கொண்டுவந்தார்? சாமியார் செய்தால் சரித்திரம். இந்தக் குச்சி நம் மண்ணில் ஏறினால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க யார் பெயர் சொல்லும்? அப்போது வியாபாரி எந்தப் பந்தலில் நின்று பழம் கிள்ளுவான்?

கத்தியை விரித்துக் குனிந்தேன். பின்னாலே குரல்.

"சகலை, அத விடுங்க. செடி கிடி கொண்டுபோகக் கூடாதுன்னு பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சுல்ல?"

"யாரு கொண்டுபோறா? பல் குத்த ஒரு குச்சி."

இன்னாசி சிரித்தார். "ஒரு ஆள் உசரத்துக்கா பல் குத்துவீங்க? வேணும்னா மேல ஒரு துண்டு எடுங்க. அடியில கிளம்புனது வேண்டாம். சொன்னாக் கேளுங்க."

தந்திரத்தைக் கவனித்தீர்களா? மேலே வெட்டினால் வெட்டு பளிச்சென்று தெரியும். கிழவர் பார்ப்பார், நான் மாட்டுவேன், ஜெனிபாவுக்குத் தலைகுனிவு, பழி பெரியப்பா மேலே. அடியில் வெட்டினால் மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். அதோடு, ஆகக் கொழுத்த குச்சியை விடச் சொல்கிறார். இவர் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். "சரி சரி" என்றேன். அவர் போனதும் வெட்டினேன். ஏழு துண்டு.

மத்தியானம் கிழவர் கவாத்து வெட்டிய குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி இன்னாசி கையில் பரிசு மாதிரி கொடுத்தார். அந்தத் தணலில் கறி சுட்டோம். நல்ல மணம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பது கறி சுடுகிற குச்சி. கொடுக்காமல் வைத்திருப்பதில்தானே விஷயம் இருக்கும்?

ஊர் திரும்பும் முன்னால் லூர்து மாதா கோயிலுக்குப் போனோம். சந்தனமேரி இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்தாள். அதில் ஒன்றைத் துண்டில் ஊற்றி, ஏழு குச்சியையும் சுற்றி, அவளுடைய கம்பளிச் சட்டைக்குள் உருட்டிப் பெட்டியில் வைத்தேன்.

"என்னங்க, என் சட்டை ஈரமா இருக்கு?"

"மாதா தண்ணி சிந்திருச்சு."

"சிந்துச்சா? அப்படின்னா மூடி எப்படி இறுக்கமா இருக்கு?"

கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் கேட்பாள். சென்னையில் இறங்கியபோது அதிகாரி பெட்டியைப் பார்த்தார், பெட்டி மேலே வைத்திருந்த மாதா சொரூபத்தைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

ஏழில் ஐந்து துளிர்த்தது. என்ன வேகம் என்கிறீர்கள்! மண் பையில் நட்டதும் தலை நீட்டியது, கம்பைப் பிடித்தது, கொட்டகைக் கூரையில் ஏறியது. அதிலிருந்தே வெட்டி வெட்டி ஒன்றரை வருஷத்தில் நூற்று அறுபது செடி ஆக்கிவிட்டேன். அதுவரைக்கும் யாரும் பார்க்கக் கூடாதே. அந்த இரண்டு கல்தூணுக்கும் நடுவில்தான் கிணற்றுக்குப் போகிற பாதை. அதில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினேன்.

இன்னாசி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார், "என்ன செடி சகலை, இந்த ஏறு ஏறுது?"

"பெங்களூர் ரகம்."

"பிரான்சுல வெட்டக் குனிஞ்சீங்களே, அந்தக் குச்சி?"

"ஏர்போர்ட்டிலேயே தூக்கிப் போட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். பாருங்கள், நல்லதாப் போச்சாம்.

2020 ஆகஸ்டில் ரெஜினா கால் முறிந்து படுத்தாள். சந்தனமேரி பத்து நாள் தங்கச்சி வீட்டிலேயே இருந்தாள். அந்தப் பத்து நாளில் ஆள் விட்டு மாமனாரின் பன்னீர்க் கொடிகளை வேரோடு தோண்டிவிட்டுப் புதுச் செடிகளை நட்டேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள், அப்புறம் அவள் சொல்லை மீறிச் செய்த மாதிரி ஆகும். கேட்காமல் செய்தால் மீறியதாகாது.

பத்தாம் நாள் வந்தாள். வெறும் பந்தலைப் பார்த்தாள். தோண்டிப் போட்ட கட்டைகள் வரப்பில் குவிந்து கிடந்தன. ஒரு கட்டையைக் கையில் எடுத்தாள்.

"எங்கப்பன் எனக்குன்னு குடுத்தது இது ஒண்ணுதான்" என்றாள்.

"ரெண்டு வருசம் பொறு. இன்னாசி வந்து உன் வாசல்ல குச்சி கேட்டு நிப்பார்."

மூன்று வேளையும் சோறு போட்டாள். சோற்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. அது நாள் கணக்கு என்று நினைத்தேன், வருஷக் கணக்காகப் போய்விட்டது.

கொடி பந்தலை மூடியது. கீழே வெயில் பொட்டுக்கூட விழாது. 2022 பங்குனியில் கவாத்துப் பண்ணினேன், பூத்தது. பந்தல் நிறையப் பூ. பத்து நாளில் அத்தனையும் தூசி மாதிரி உதிர்ந்தது. ஒரு காய் இல்லை. சரி, புது மண், பழக வேண்டும் என்று விட்டேன். மறுபடி கவாத்து, மறுபடி பூ, மறுபடி தூசி. மூன்றாவது தடவையும் அதேதான். சாணம், புண்ணாக்கு, மீன் அமிலம் எல்லாம் போட்டேன். இலை என் முகம் அகலத்துக்கு வந்தது. பழம் வரவில்லை.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கண். வேறென்ன? அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கதவுக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தச் செடி காய்க்கும்? கதவுக்குத் தகரம் அடித்தேன். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னேன். அவரும் தோட்டக்கார வீட்டுப் பிள்ளை. தெளித்துவிட்டு ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். "சேசுராஜ், தண்ணி தெளிச்சிட்டேன். ஆனா இதுக்கு என்னைவிட அக்ரி ஆபீசர் வந்தா நல்லது" என்றார். சாமியாரும் அந்தப் பக்கம்தான். கிறிஸ்துமசுக்கு இன்னாசி வீட்டுப் பழம் முதலில் அவர் பங்களாவுக்குத்தானே போகிறது.

இதற்கிடையில் இன்னாசி தோட்டம் என்ன ஆனது தெரியுமா? பிரான்சிலிருந்து வந்ததும் ஒரு வெள்ளாமையை விட்டுவிட்டார். கொடி தூங்கட்டும் என்றாராம். ஊரே சிரித்தது. அடுத்த வெள்ளாமையில் குலை இரண்டு கைக்கு அடங்கவில்லை. வரிசை முனையில் ரோஜா வைத்தார். சாம்பல் நோய்க்கு வைத்தது, அதைப் பார்க்க ஜனம் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் படம் எடுத்துப் போட்டாளாம், அதிலிருந்துதான் இந்த போர்டு, வேன், நீங்கள் எல்லோரும். அவர் அந்த ஊரிலிருந்து ஒரு குச்சிகூடக் கொண்டுவரவில்லை. கண்ணிலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார். நான் அவ்வளவு ஆபத்துக்கு நடுவில் பெட்டியில் சுமந்து வந்தவன். யாருக்கு போர்டு?

2023 செப்டம்பரில் ஜெனிபா விடுமுறைக்கு வந்தாள். "பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே நேரே தோட்டத்துக்குள் வந்துவிட்டாள், இன்னாசியும் பின்னாலே. அவர் இந்தப் பக்கம் கால் வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு இலையைப் பறித்துத் தடவினாள்.

"பெரியப்பா, இது எங்க வாங்கினீங்க?"

"பெங்களூர்."

"பெங்களூர்ல இதத் தனியாப் பந்தல்ல ஏத்தச் சொன்னாங்களா?" இன்னொரு இலை பறித்தாள். "இது அடிச்செடி, பெரியப்பா. மேல வேற கொடியை ஒட்டுக் கட்டுறதுக்கு வேருக்காக மட்டும் வளக்கிறது. இது ஆண் கொடி. பூக்கும், காய்க்காது. நூறு வருசம் வச்சிருந்தாலும் காய்க்காது. பெர்னார் தாத்தா அன்னைக்கு அந்த முடிச்சக் காட்டிச் சொன்னாரே, ஞாபகமில்லையா? முன்னொரு காலத்துல பூச்சி விழுந்து அந்த ஊர்க் கொடி அத்தனையும் வேரோட செத்துப்போச்சு. அப்புறம் அமெரிக்காக் கொடியக் கொண்டுவந்து அது வேர்ல இவங்க கொடியை ஒட்டுனாங்க. முடிச்சுக்கு மேல அவங்க தாத்தா, கீழ அமெரிக்கா. கீழ துளிர்க்கிறத வருசா வருசம் வெட்டி எறிவோம்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இன்னாசி தரையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஏர்போர்ட்ல போட்டுட்டேன்னு சொன்னீங்களே, சகலை" என்றார் இன்னாசி. மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொல்வதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல? அப்ப ஏன் சொல்லல?"

"அடியில வெட்டாதீங்கன்னு சொன்னேனே."

"ஏன்னு சொன்னீங்களா?"

"ஏன்னு கேட்டீங்களா?"

நீங்களே சொல்லுங்கள், காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்?

மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சந்தனமேரி வாய் திறந்தாள். "மாதா தண்ணியத் திருடி, அதுல திருட்டுக் குச்சிய நனைச்சு, கூடப்பிறந்தவ கால் ஒடிஞ்சு கிடக்கும்போது எங்கப்பன் கொடியப் பிடுங்கி நட்டீங்க. அது பூத்ததே பெருசு."

பிறகு என்னிடம் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். தகரக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனாள். அவளும் ரெஜினாவும் இன்னாசியும் ஜெனிபாவும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசினார்கள். நான் இங்கேயே இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லமாட்டேன். ரெஜினா, "அத்தான், காப்பி குடிக்க வாங்க" என்றாள். அந்தக் காப்பி எனக்குத் தேவையா?

சந்தனமேரி திரும்பி வந்து சொன்னாள்: "வேர அப்படியே வச்சுக்கிட்டு மேல பன்னீர ஒட்டுக் கட்டலாமாம். அவங்க பந்தல்ல இருந்து குச்சி வெட்டிட்டு அவரே வந்து கட்டித் தர்றாராம். நீங்க கத்தியைத் தீட்டி வைங்க."

அவர் பந்தலில் இருப்பதும் மாமனார் நட்ட அதே கொடிதான். அவள் கொடி அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது. கொடுப்பவர் இன்னாசி. நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கத்தியைத் தீட்டினேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, திங்கள்கிழமை ஆரம்பித்தோம். ஜெனிபா அதற்குள் பிரான்சுக்குப் போய்விட்டாள். ஒட்டுக் கட்டுவது ஒரு ஆள் வேலை இல்லை. செடியை முழங்கால் உயரத்தில் வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய குச்சியை அதில் சொருகி, பட்டையும் பட்டையும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டுகிற கை யாருடையது, பிடிக்கிற கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாள். நூற்று அறுபது தடவை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகம்.

இரண்டாம் நாள் அவர் சொன்னார், "சகலை, வேர் அருமையான வேர். என் கொடிக்கு இந்த வேர் இல்ல."

கேலியா, நிஜமா? இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. "இறுக்கிக் கட்டுங்க" என்றேன்.

நூற்று ஐம்பத்தொன்று பிடித்துக்கொண்டது. ஒன்பது மட்டும் போயிற்று. அந்த ஒன்பதும் நான் சரியாகப் பிடிக்காததாக இருக்கலாம், அவர் சரியாகக் கட்டாததாகவும் இருக்கலாம்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "அடியில துளிர்க்கிறத மட்டும் அப்பப்பக் கிள்ளிருங்க. விட்டா மேல உள்ளதக் கொன்னுரும்." அந்த அடிவேர் சும்மா இருக்குமா? தினமும் துளிர்க்கும். தினமும் காலையில் குனிந்து குனிந்து, நான் கடல் தாண்டிக் கொண்டுவந்த செடியை நானே கிள்ளி எறிகிறேன், அவர் கொடுத்த குச்சி வளர வேண்டும் என்று. நீங்கள் வரும்போது குனிந்திருந்தேனே, அதுதான் வேலை.

இங்கே பாருங்கள், இதுதான் முடிச்சு. தொட்டுப் பாருங்கள். மேலே இருப்பது அவர் கொடுத்தது. கீழே இருப்பது என்னுடையது. பழம் மேலேதானே தொங்குகிறது? வியாபாரி குனிந்து வேரையா பார்ப்பான்?

இன்னாசி அவரிடம் வருகிற ஜனங்களிடம், "அடுத்த தோட்டத்தையும் பாத்துட்டுப் போங்க, எங்க சகலையோடது, வேர் வெளிநாட்டு வேர்" என்று சொல்கிறாராம். போன வாரம் ஒரு குடும்பம் வந்து சொன்னது. மிச்சக் கூட்டத்தை எனக்குத் தள்ளிவிடுகிறார். நீங்கள் முதலிலேயே இங்கே வந்துவிட்டீர்கள், அதனால் இவ்வளவும் சொன்னேன்.

வேன் கிளம்பிவிட்டது, சத்தம் கேட்கிறதா? இனி நீங்கள் போகலாம். சுற்றிப் போக வேண்டாம், தூணுக்கு நடுவிலேயே நேராகப் போங்கள். இப்போது அங்கே கதவு இல்லை.

இந்த வருஷம் ஏப்ரல் இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பந்தலில் முதல் வெள்ளாமை. முதல் கூடையைச் சந்தனமேரி தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள். கூடை இடுப்பில், ஒரு கையால் பூட்டைத் திறக்க வரவில்லை. மே நாலாம் தேதி, அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் ஆள் வைத்துக் கதவைக் கழற்றச் சொன்னாள். அது இப்போது இன்னாசியின் ஆட்டுக் கொட்டகைக்குப் போட்டிருக்கிறது.